முன்பல்லில் ஒரு கோடு

மார்ச் 3, செவ்வாய்

மழையே இல்லை, என் அறைச் சுவர் மட்டும் வியர்க்கிறது. பழைய டைரி நோட்டுகளை அக்கா வீட்டு அலமாரியில் கொண்டுபோய் வைத்தது நல்லதாய்ப் போயிற்று. இங்கே இருந்திருந்தால் பதினொன்றும் பூசணம் பிடித்திருக்கும். இது பன்னிரண்டாவது.

பல் செய்யும் லேபில் இன்று நாலு கேப் (பல்லுக்கு மேல் மாட்டும் பீங்கான் உறை), ஒரு முழுப் பல்செட். பல்செட்டுக்காரர் மூன்றாவது முறையாகத் திருப்பி அனுப்பியிருக்கிறார். அதைப் போட்டுக்கொண்டு சிரித்தால் தன் அண்ணன் மாதிரியே தெரிகிறாராம். அண்ணனோடு பேச்சுவார்த்தை கிடையாதாம். இதற்கு நான் என்ன செய்ய? பக்கத்து மேசையில் மெழுகில் பல் செதுக்கும் மெழுகு அண்ணன் சிரித்த சிரிப்பில் கத்தி கீழே விழுந்தது. நானும் சிரித்தேன், வழக்கம்போல் கையால் வாயை மூடிக்கொண்டு. ஊருக்கெல்லாம் பல் செய்து கொடுக்கிறேன், என் ஈறு தெரிந்துவிடுமே என்று எனக்குப் பயம்.

கடைசியாக ஒரு முன்பல். எல்லாருக்கும் வெள்ளை வெளேரென்று வேண்டும். நான் முன்பல்லுக்கு மட்டும் பழுப்பில் முடி கனத்துக்கு ஒரு கோடு இழுப்பேன், பழைய பீங்கான் கோப்பையில் விழுந்திருக்குமே, அந்த மாதிரி. சூளையில் சுட்டு எடுத்தால் பல்லுக்கு வயது ஏறி, நிஜப் பல்லாகவே தெரியும். இருபது வருடமாக இது என் வழக்கம். கேட்பாரும் இல்லை, தடுப்பாரும் இல்லை.

சாயங்காலம் அக்கா கிளினிக் முடிந்து நேரே வந்தாள். (பல் டாக்டரின் முன்மேசையில் அவள் உட்கார்ந்திருப்பதால்தான் எங்கள் லேபுக்குப் பாதி வேலை வருகிறது. அதை மாதம் ஒருமுறை சொல்லிக் காட்டிவிடுவாள்.) ஒரு கவரை நீட்டினாள். மலைக்கு மேல் காட்டுவிடுதி, பத்து நாள், போகவர டிக்கெட் எல்லாம் போட்டாயிற்று.

"நாப்பது வயசு ஆகப்போகுது. ஒரு தடவையாவது அந்தப் பிளாஸ்டர் தூசிய விட்டு வெளிய போடி."

அங்கே போன் எடுக்காதாம். அது ஒன்றுதான் எனக்குப் பிடித்தது.

மார்ச் 9, திங்கள்

ஜீப்பில் ஆறு மணி நேரம். இடுப்பு தனியாக, நான் தனியாக வந்து இறங்கினோம்.

எட்டு மரக்குடில்கள், ஒரு சாப்பாட்டுக் கூடம், ஒரு தொங்குபாலம். பாலத்துக்கு இந்தப் பக்கம் மனுஷர்கள், அந்தப் பக்கம் காடு, அதற்கப்புறமும் காடு. விடுதிக்காரம்மா வந்ததும் சட்டம் பேசினார்: "பாலத்தத் தாண்டி யாரும் தனியா போகக் கூடாது. தனியா வந்தவங்க ரெண்டு ரெண்டு பேரா சேர்ந்துதான் போகணும். போன வருஷம் ஒருத்தரத் தேடி மூணு நாள் அலைஞ்சோம்."

தனியாக வந்தது நானும், ஒரு தொப்பிக்காரரும்தான். சரிதான், பத்து நாளும் குடிலுக்குள்ளேயே கிடக்க வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

மார்ச் 10, செவ்வாய்

கிடக்கவில்லை. போனேன்.

தொப்பிக்காரர் லிஃப்ட் மெக்கானிக்காம். ரயிலில் இரண்டு நாள் தள்ளி ஏதோ ஊர். எங்கள் ஊர்ப் பக்கம் வந்ததே இல்லையாம். "வருஷம் பூரா மேலயும் கீழயும் போறதுதான் என் பொழப்பு. அதான் லீவுக்காவது பக்கவாட்டுல நடப்போமேன்னு வந்தேன்." சிரித்துவிட்டேன். கை, வாய், வழக்கம்போல்.

அவரும் சிரித்தார். தொழில் புத்தி, ஆளைப் பார்ப்பதற்குள் பல்லைப் பார்த்துவிட்டேன். மேலே, இடது முன்பல்லில் ஒரு விரிசல் கோடு. வெயிலில் மட்டும் தெரிகிறது. கூடவே பிறந்த பல், சந்தேகமே இல்லை. செய்த பல் என்றால் பத்தடி தூரத்தில் சொல்லிவிடுவேன். இந்த மாதிரிப் பற்களைப் பார்த்துத்தானே என் கோட்டையே கற்றுக்கொண்டேன்!

அழகான பல். பல் மட்டும்தான். வேறொன்றும் எழுதுவதற்கில்லை.

மார்ச் 12, வியாழன்

ஒன்பது மணிக்குப் பாலத்தடியில் என்று பேச்சு. கொட்டுகிற மழை. வர மாட்டார் என்று நிச்சயமாக நினைத்துக்கொண்டே பத்து நிமிடம் முன்னால் போனேன். எனக்கு முன்பே வந்து, தொப்பியிலிருந்து தண்ணீர் ஒழுக நின்றுகொண்டிருந்தார்.

"எவ்வளவு நேரமா நிக்கிறீங்க?"

"நீங்க வந்து எனக்காக நிக்கிற மாதிரி ஆயிடக் கூடாதில்ல."

குடிலுக்குத் திரும்பி, தலையைக்கூடத் துவட்டாமல் எழுதுகிறேன். பதினோரு வயதில் பஸ் நிலையக் கடிகாரத்தடியில் நில், ஐந்து நிமிடத்தில் வருகிறேன் என்று அப்பா சொன்னார். வரவே இல்லை, அன்றைக்கும் சரி, அப்புறமும் சரி. எனக்காக ஒரு ஆள் முன்கூட்டியே வந்து நிற்க வேண்டும் என்று எத்தனை தடவை எழுதியிருப்பேன். இதை யாரிடமும் சொன்னதில்லை, இந்த நோட்டுகளைத் தவிர. இவருக்கு எப்படித் தோன்றியது?

மார்ச் 13, வெள்ளி

ஆற்றங்கரைப் பாறையில் உட்கார்ந்து ஒரு ஆரஞ்சுப் பழத்தை உரித்தார். சுளையில் ஒட்டியிருந்த வெள்ளை நாரை எல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு என் கையில் வைத்தார். அப்படியே தின்றேன். ஏன் இன்னும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று இன்றுவரை கேட்காத ஒரே மனுஷர்.

மார்ச் 14, சனி

இன்று ஒரு கூத்து. மேட்டில் ஏறும்போது அவர் காலில் ஒரு அட்டை. அவ்வளவுதான். ஆறடி ஆள், பத்து மாடி உயரத்தில் கயிற்றில் தொங்குகிறவர், அம்மா என்று போட்ட அலறலில் மரத்தில் இருந்த பறவை எல்லாம் பறந்தது. நான்தான் உப்பு வைத்து எடுத்தேன். திரும்பி வரும் வழி முழுக்க முகம் கொடுத்துப் பேசவில்லை, அத்தனை வெட்கம். எனக்கு அவரை அப்போதுதான் ரொம்பப் பிடித்தது.

மார்ச் 16, திங்கள்

"கைய எடுங்களேன். சிரிப்பு முழுசா வரட்டும்" என்றார்.

எடுத்தேன்.

மார்ச் 18, புதன்

நாளைக் காலை ஜீப்.

ஜூனில் வேலையை மாற்றிக்கொண்டு என் ஊருக்கே வந்துவிடுவாராம். "லிஃப்ட் இல்லாத ஊர் ஏது? எங்க போனாலும் மாட்டிக்கிட்ட ஆளுங்க இருப்பாங்க." பிறகு தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "வரலாமா?" என்றார். வாங்க என்றேன்.

வாங்க என்று நானா சொன்னேன்? நான்தான். எழுத்து கோணிக்கொண்டு போகிறது, போகட்டும்.

மார்ச் 21, சனி

அக்காவிடம் சொல்லிவிட்டேன். யாருடி அது, என்ன வேலை, எந்த ஊரு என்று மூன்று கேள்வியும் கேட்டாள். சொல்லச் சொல்ல அவள் கண்ணில் தண்ணீர். கட்டிப்பிடித்துக்கொண்டாள். அம்மா போன பிறகு அவள் என்னைக் கட்டிப்பிடித்தது இன்றுதான்.

ஏப்ரல் 2, வியாழன்

தினமும் ஏழு மணிக்குப் போன். ஒரு நிமிடம் பிந்துவதில்லை. லேபில் நான் பாடுகிறேனாம், மெழுகு அண்ணன் புகார் செய்கிறார். வாயை மூடாமல் சிரிப்பதையும் கவனித்துவிட்டார். "என்னம்மா, காட்டுல மருந்து ஏதும் குடுத்தாங்களா?"

ஏப்ரல் 17, வெள்ளி

பொறுமையாக எழுத வேண்டும். வரிசையாக.

ஆறு மாதம் தாண்டிய பிளாஸ்டர் அச்சுகளை உடைத்து மூட்டை கட்டும்படி முதலாளி சொன்னார். நோயாளிகளின் பல்வரிசை அச்சு அத்தனையும் ஒரு பெட்டிக்கு ஒன்றாக, சீட்டோடு அலமாரியில் இருக்கும். பகல் முழுக்க உடைத்துக்கொண்டிருந்தேன். நாலு மணி வாக்கில் ஒரு பெட்டியைத் திறந்தேன். கீழ்வரிசையில் ஒரு பல் குறுக்கே நிற்கிறது. வலது கடைவாயில் ஒன்று இல்லை. மேலே, இடது முன்பல் இருக்க வேண்டிய இடத்தில் கேப்புக்காக ராவிய முளை.

சுத்தியல் கையிலேயே நின்றுவிட்டது. எனக்கு முகம் மறக்கும், வாய் மறக்காது. இந்த வாயைப் பத்து நாள் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.

சீட்டை எடுத்தேன். அவர் பெயர். அக்டோபர் 14. அக்கா கிளினிக்கின் முத்திரை. எழுதியிருப்பது அக்காவின் கையெழுத்து. செய்து முடித்தவர் என்ற இடத்தில் என் கையெழுத்து.

கூடப் பிறந்த பல்லாம்! நான் செய்த பல். என் கோடு. என் கைவேலையைப் பார்த்து நானே மயங்கியிருக்கிறேன். இருபது வருட அனுபவம், பத்தடி தூரத்தில் சொல்லிவிடுவாளாம். தூ.

எங்கள் ஊரையே பார்த்ததில்லை என்றாரே. அக்கா எந்த ஊரு என்று கேட்டாளே. கண்ணில் தண்ணீர் வந்ததே.

ஏழு மணிக்குப் போன் அடித்தது. எடுக்கவில்லை.

ஏப்ரல் 18, சனி

அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். அச்சை அவள் முன்னால் மேசையில் வைத்தேன்.

"இது யாரு வாய்?"

அவள் அதைப் பார்க்கவே இல்லை. மடித்த துணியையே திரும்ப மடித்தாள். பதில் அப்போதே வந்துவிட்டது.

"நான் மூணு வரன் கொண்டுவந்தேன்" என்றாள். "போட்டோவக்கூடப் பாக்காம மூணையும் வேணாம்னுட்ட. இவரு அதுல ரெண்டாவது. நல்ல மனுஷன்டி. எங்க கிளினிக் லிஃப்ட அவருதான் பாக்குறாரு. ஒன் லேபுலேர்ந்து மூணு தெரு தள்ளித்தான் வீடு. நேரா சொன்னா நீ ஒத்துக்குவியா?"

"அதுக்குக் காட்டுக்கு அனுப்பி நாடகம் போடுவியா?"

"ஆகஸ்ட்ல நாங்க என் வீட்டுக்காரர் வேலைக்காக நாட்ட விட்டே போயிடுவோம். அதுக்கப்புறம் ஒனக்குன்னு இங்க யாரு இருக்கா? கல்யாணம் முடிஞ்சு ஒரு நாள் சிரிச்சுக்கிட்டே சொல்லிக்கலாம்னு நெனச்சோம்."

நெனச்சோம். இரண்டு பேரும் சேர்ந்து.

ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. மழையில் பாலத்தடியில் நின்றது, ஆரஞ்சு நார், கையை எடுங்கள் என்றது. "இதெல்லாம் நீ சொல்லிக் குடுத்தியா? ஒனக்கே தெரியாதே இதெல்லாம்."

அக்கா அலமாரியைப் பார்த்தாள்.

"பதினொண்ணையுமா குடுத்த?"

"எட்டுதான்" என்றாள்.

எட்டுதானாம்! பாக்கி மூணுக்கு நான் நன்றி சொல்லணும்போல. என்னோட அழுகை, என்னோட அசிங்கம், அப்பா விட்டுட்டுப் போனது, நிச்சயம் நின்னுபோனது, சிரிச்சா ஈறு தெரியுதுன்னு அந்த மாப்பிள்ள சொன்னது. எல்லாத்தயும் பைல போட்டு ஒரு லிஃப்ட் மெக்கானிக் கைல குடுத்திருக்கா. கூடப் பிறந்தவ.

ஏப்ரல் 19, ஞாயிறு

எழுத உட்கார்ந்தால் தோளுக்குப் பின்னால் யாரோ படிக்கிறார்கள்.

ஏப்ரல் 20, திங்கள்

நோட்டுகள் பதினொன்றையும் திரும்ப எடுத்து வந்துவிட்டேன். பூசணம் பிடித்தால் பிடிக்கட்டும்.

ஓரத்தில் பென்சில் டிக். மெலிசாக, ஒழுங்காக. லிஃப்டைச் சரிபார்க்கும்போது கயிறு, பிரேக், கதவு என்று ஒவ்வொன்றாக டிக் போடுவோம் என்று காட்டில் அவனே சொன்னான். (இனி அவன்தான். அதற்கு மேல் பேனா வர மாட்டேன் என்கிறது.) ஐந்தாம் நோட்டு, பக்கம் நாற்பத்திரண்டு, பஸ் நிலையக் கடிகாரம்: டிக். ஏழாம் நோட்டு, ஆரஞ்சு நாரை எடுத்துத் தருகிற ஆளாக இருந்தால் போதும் என்று நான் விளையாட்டாக எழுதியது: டிக். கல்யாணப் பேச்சை எடுக்காதவனாக இருக்க வேண்டும்: டிக். கையை எடு என்று ஒருத்தராவது சொல்ல மாட்டார்களா: இரண்டு டிக்.

மழையில் நின்றது நிஜம். நனைந்ததும் நிஜம். ஆனால் எனக்காக நனையவில்லை, பக்கம் நாற்பத்திரண்டுக்காக நனைந்திருக்கிறான். அந்தப் பத்து நாளும் நான் காதலித்தது என் கையெழுத்தைத்தானா? அவன் வாயில் இருந்த பல்லும் என்னுடையது, அதிலிருந்து வந்த பேச்சும் என்னுடையது. மிச்சம் என்ன இருக்கிறது அவனுடையது என்று?

எட்டு நோட்டையும் முதல் பக்கத்திலிருந்து புரட்டினேன். காலில் ஏறின அந்த அட்டைப்பூச்சி எங்கேயும் இல்லை. அந்த அலறல் ஒன்றுதான் அவனுடையது.

ஏப்ரல் 22, புதன்

போனை எடுத்தேன். ஒருமுறை எடுத்துத்தானே ஆக வேண்டும்.

"படிச்சதாலதான் எனக்கு ஒங்களப் பிடிச்சுது. பிடிச்சதுக்கப்புறம் நடிக்கல. சத்தியமா."

"பிடிச்சிருந்தா டிக் எதுக்குப் போட்டீங்க?"

"எதையும் மறந்துடக் கூடாதேன்னு" என்றான்.

வைத்துவிட்டேன். கோபத்தில்கூட இல்லை. பொய் சொல்லியிருந்தால் திட்டியிருப்பேன்.

மே 6, புதன்

இன்று ஒரு சீட்டு வந்தது. மேல் இடது முன்பல், மறுபடி செய்ய வேண்டும். அக்காவின் கையெழுத்து: "நோயாளியை நிறம் பார்க்க நேரில் அனுப்புகிறோம்." முன்பல்லுக்கு மட்டும் அப்படி ஒரு வழக்கம் உண்டு. கிளினிக் விளக்கில் நிறம் ஏமாற்றும், அதனால் லேபின் ஜன்னலோரம் உட்கார வைத்துப் பகல் வெளிச்சத்தில் பார்ப்போம். போன தடவை நிறத்தின் எண்ணை மட்டும் எழுதி அனுப்பியிருந்தார்கள், ஆள் வரவில்லை. இந்தத் தடவை ஆளையே அனுப்பியிருக்கிறாள்.

தொப்பியில்லாமல் வந்தான். மெழுகு அண்ணன் எழுந்து டீ குடிக்கப் போய்விட்டார், அவருக்கு எல்லாம் தெரியும்.

"எப்படி ஒடஞ்சுது?"

"கடிச்சப்போ" என்றான்.

உடைந்த கேப் இரண்டு துண்டாகச் சீட்டோடு வந்திருந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கடித்து உடைந்த பீங்கான் கோணல்மாணலாகத்தான் உடையும். இது நட்ட நடுவில் நேராக இருந்தது, டாக்டர் கருவியால் அறுத்த கோடு. வலிக்கிறது, எடுத்துவிடுங்கள் என்று சொல்லியிருப்பான்.

"இது யாரு யோசன? அக்காவா, நீங்களா?"

"ஒங்களப் பாக்க வேற வழி..."

"வாயத் திறங்க. பேசாதீங்க, உதடு அசைஞ்சா நிறம் தெரியாது."

நிற மாதிரிகளை ஒவ்வொன்றாகப் பக்கத்துப் பல்லோடு சேர்த்துப் பிடித்தேன். ஐந்து நிமிடம் பிடித்தது. அவனால் ஒன்றும் பேச முடியவில்லை. எங்களுக்குள் பொய்யில்லாமல் போன ஐந்து நிமிடம் அதுதான். ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழ, அவன் கண் நிறைந்து ஒரு பக்கமாக வழிந்தது. துடைத்துக்கொள்ளக் கையைத் தூக்கவில்லை.

நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். நிஜமாகவே அழுகிறானோ என்னவோ. என் மனசு என்ன செய்தது தெரியுமா? இப்படி அழுகிற ஆளைப் பற்றி எந்த நோட்டில் எழுதினேன், எத்தனையாவது பக்கம் என்று தேடியது. இதுதான் இவர்கள் இரண்டு பேரும் எனக்குச் செய்தது. இனி ஒருத்தன் என் முன்னால் செத்தே விழுந்தாலும் நான் பக்க எண் தேடுவேன்.

நிறத்தின் எண்ணைச் சீட்டில் குறித்துக்கொண்டு, "திங்கட்கிழமை கிளினிக்குக்கு வந்துடும்" என்றேன். எழுந்தான். வாசலில் நின்று, "அந்தக் கோடு..." என்று ஆரம்பித்தான். அதையும் அக்கா சொல்லியிருக்கிறாள்.

"திங்கட்கிழமை" என்றேன்.

மே 8, வெள்ளி

அக்காவிடமிருந்து என் அறைச் சாவியை வாங்கிக்கொண்டேன். வளையத்திலிருந்து கழற்றிக் கொடுத்தாள். பிறகு, "என்னை வழியனுப்பவாவது வருவியாடி?" என்றாள்.

வருவேன். அக்காவாயிற்றே. பெட்டியைக்கூடத் தூக்கிக் கொடுப்பேன். ஆனால் அங்கே போய்ச் சேர்ந்ததும் என்னோடு பேச அவளுக்கு என்ன இருக்கப்போகிறது என்று தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. இருபத்தொன்பது வருடமாக நான் நோட்டில் எழுதியதை அவளிடமே சொல்லியிருந்தால்? அப்படியும் யோசித்துப் பார்த்தேன். ஒரு நிமிடம்தான்.

மே 11, திங்கள்

பல்செட்டுக்காரர் நேரிலேயே வந்துவிட்டார். அண்ணனோடு ராசியாகிவிட்டாராம், இனி பல் அப்படியே இருக்கட்டுமாம். மெழுகு அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். நானும் சிரித்தேன். கை தானாக வாய்க்குப் போனது.

முன்பல் சூளையிலிருந்து வந்து ஆறியிருந்தது. வடிவம் சரி, நிறம் சரி, விளிம்பு சரி. யார் போட்டாலும் அழகாக இருக்கும். பெட்டியில் வைக்கும்முன் மெழுகு அண்ணன் கையில் வாங்கி ஜன்னல் பக்கம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னம்மா, ஒன் கோடு இல்லையே இதுல? மறந்துட்டியா?"

"மறக்கல" என்றேன்.

பல்லை அவர் கையிலிருந்து வாங்கிப் பெட்டியில் வைத்தேன். பெட்டியை மூடி, சீட்டை ஒட்டி, மற்ற பற்களோடு அனுப்பினேன்.